நீங்காத காய்ச்சலும் ஒரு சொட்டு இரத்தமும்: செங்காங் சிறார் மருந்தகம் ஒன்றின் சேவை

எங்கள் 4 வயது மகனுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. தொண்டையில் வெள்ளை படிந்து, கழுத்தின் இருபுறமும் நெறி கட்டியிருந்தது. முதலில் சென்ற மருந்தகத்தில் தொண்டைப்புண் என்று சொல்லி அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தார்கள். அதைக் குடித்த மூன்றாம் நாள் உடலெங்கும் செந்தடிப்பு கிளம்பவே, சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் புளோக்கிற்கு அருகிலுள்ள இந்தச் சிறார் மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றோம்.

தாதி விரல் நுனியில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தத்தை அங்கேயே இருந்த கருவியில் வைத்தார். கால்மணி நேரத்துக்குள் எண்ணிக்கை வந்துவிட்டது. மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, வெள்ளணுக்கள் 16,400, அவற்றுள் 68 விழுக்காடு நிணநீரணுக்கள் என்று காட்டினார். "டெங்கியா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டார். டெங்கியில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் குறையும், இங்கே கூடியிருக்கின்றன என்று விளக்கியதோடு நில்லாமல், ஐயத்துக்கு இடம் வைக்காமல் டெங்கிச் சோதனையையும் செய்தார். அது இல்லையென்று வந்தது.

இந்த மருந்தகத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான். சிறு பிள்ளைகளுக்கு இயல்பாகவே நிணநீரணுக்கள் பெரியவர்களைவிட அதிகம் என்பதால், அந்த விழுக்காட்டை மட்டும் வைத்து மோனோநியூக்ளியோசிஸ் (பெரும்பாலும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் கிருமியால் வரும் காய்ச்சல் நோய்) என்று முடிவுகட்ட முடியாது. அணுக்களின் உருவத்தையும் பார்க்க வேண்டும். இந்நோய்க்கான விரைவு இரத்தச் சோதனையான மோனோஸ்பாட்டும் இந்த வயதில் பலமுறை நோயைத் தவறவிட்டுவிடுமாம். ஆகவே நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தகட்டில் பரப்பிய இரத்தப் பூச்சை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். மறுநாள், கிருமியை எதிர்க்கையில் உருமாறிய நிணநீரணுக்கள் 18 விழுக்காடு என்று தெரிந்தது. பத்து விழுக்காட்டைத் தாண்டினாலே இந்நோய்க்கு வலுவான அடையாளம். எப்ஸ்டீன்-பார் கிருமிக்கான எதிர்பொருள் சோதனையும் பிறகு அதை உறுதிசெய்தது.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வுக்கூடத்தின் அறிக்கையில் பெரியவர்களுக்குரிய அளவுகளே அச்சிடப்பட்டு, ஏறக்குறைய எல்லா எண்களும் சிவப்பில் இருந்தன. மின்னஞ்சலில் வந்த அந்தத் தாளில் "உருமாறிய அணுக்கள்" என்று படித்தவுடன் இரத்தப் புற்றுநோயோ என்று அன்றிரவு எங்களுக்கு உறக்கமே இல்லை. மறுநாள் காலை தொலைபேசியில் மருத்துவரே பொறுமையாக விளக்கினார்: அந்தக் குழப்பம் பழையது, 1923இலேயே டவுனி, மெக்கின்லே என்ற ஆய்வாளர்கள் இருவரும் இவ்வணுக்களைப் புற்றணுக்களிலிருந்து வேறுபடுத்தி விவரித்துவிட்டார்கள் என்றார். அறிக்கையை அனுப்பும் முன்பே அந்த அழைப்பு வந்திருக்கலாம்.

நுண்ணுயிர்க்கொல்லியை உடனே நிறுத்தினார். மண்ணீரல் சற்று வீங்கியிருந்ததால், பாலர் பள்ளி விளையாட்டுத்திடலில் ஏறிக் குதிக்கக் கூடாது என்று கடிதமும் எழுதித் தந்தார். மூன்று வாரம் கழித்து மீண்டும் எண்ணியபோது உருமாறிய அணுக்கள் அரிதாகவே தென்பட்டன. இம்முறை அவர் அச்சிட்ட அளவுகளைப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் 4 வயதுக்குரிய அளவுகளை எழுதித் தந்தார். அந்தத் தாள் மகனின் சுகாதாரக் கையேட்டில் இருக்கிறது.