பாய்லர் ரூமில் ஒரு டிடிஎஸ் பேனா

சட்டைப் பையில் குத்திக்கொள்ளலாம் என்பதால் எங்கள் மில்லில் அதற்குப் பெயரே பேனாதான். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர். ஆன்லைனில் 300 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. பத்துப் பேர் பத்துப் பெயர் ஒட்டி விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சாமான்தான், அதனால் பிராண்டு பேச்சு வேண்டாம். வாங்கியவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எல்லாம் வீட்டு ஆர்ஓ கதையாகவே இருக்கிறது. பாய்லர் பக்கத்தில் வைத்துப் புழங்கியவர் எழுதி நான் பார்க்கவில்லை. நான் புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் ஆபரேட்டர், செகண்ட் கிளாஸ் சர்டிபிகேட். மணிக்கு 2 டன் நீராவி தரும் பாய்லர், உமி எரிப்பு.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் விற்கிறவர்கள் சொல்லும் காரணத்துக்காக வாங்காதீர்கள்.

ரைஸ் மில்லில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: புழுங்கலரிசிக்கு நெல்லை வெந்நீரில் ஊறவைத்து, அப்புறம் நீராவி விட்டு அவிக்கிறோம். அவியலுக்குப் போகிற நீராவி நெல்லோடு போச்சு, திரும்பி வராது. டிரையரில் ரேடியேட்டருக்குள் ஓடும் நீராவி மட்டும்தான் தண்ணீராகி ஃபீடு டேங்குக்குத் திரும்புகிறது. ஆக, பாய்லருக்குள் புதுத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் இருந்த உப்பு போகாது, உள்ளேயே தங்கிச் சேரும். அதிகமாகச் சேர்ந்தால் கேஜ் கிளாஸில் (பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய்) மட்டம் நிலையாக நிற்காமல் மேலும் கீழும் ஆடும், நுரை தட்டும், நீராவியோடு பாய்லர் தண்ணீரும் சேர்ந்து லைனுக்குள் போகும். அந்தத் தண்ணீரில் நாம் போட்ட கெமிக்கலும் இருக்கிறது, அது போய்ச் சேருவது சாப்பிடுகிற நெல்லில். அதனால்தான் அவ்வப்போது அடியில் வால்வைத் திறந்து புளோடவுன் கொடுக்கிறோம்.

எவ்வளவு கொடுப்பது? இங்கேதான் பேனா காசுக்கு வேலை செய்கிறது. பெரும்பாலான மில்களில் புளோடவுன் என்பது பழக்கம். ஷிப்டு மாறும்போது வால்வைத் திறந்து, பத்து எண்ணி மூடுவது. தேவையா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. சின்னக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஃபீடு வாட்டர், அதாவது பாய்லருக்குள் போகிற தண்ணீர், 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு உப்பு), பாய்லருக்குள் 3000 வரை விடலாம் என்று வைத்துக்கொள்வோம் (எங்களைப் போன்ற சின்ன பாய்லர்களுக்கு 3000, 3500 என்றுதான் சொல்வார்கள், உங்கள் பாய்லருக்கு மேனுவலைப் பாருங்கள்). 3000-இல் 300-ஐக் கழித்தால் 2700, 300-ஐ அந்த 2700-ஆல் வகுத்தால் 11 சதவீதம். ஓடுகிற நீராவியில் அவ்வளவு பங்குதான் புளோடவுன். மணிக்கு 2000 கிலோ நீராவி ஓடினால் 222 லிட்டர் வெளியே விட்டால் போதும். அதே பாய்லரைப் பயந்துகொண்டு 1500-லேயே வைத்திருந்தால் மணிக்கு 500 லிட்டர் போகும். கூடுதலாகப் போன 280 லிட்டரும் சும்மா தண்ணீரில்லை, 10 கிலோ பிரஷரில் 184 டிகிரி வெந்நீர். அந்தச் சூட்டை மறுபடி ஏற்ற மணிக்கு சுமார் 20 கிலோ உமி வேண்டும். நம் மில் உமிதானே என்று முதலாளிமார் நினைப்பார்கள். மிச்சப்படுகிற உமிக்கு வெளியே விலை இருக்கிறது என்று சொன்னால் உடனே காது கொடுப்பார்கள்.

இப்போது பேனாவைப் பற்றி. இதில் எனக்குப் பெரிய மனக்குறை, திரையின் ஓரத்தில் வருகிற ‘x10’ என்ற பொடி எழுத்து. 999 வரை நேராகக் காட்டும். அதற்கு மேலே போனால் எண்ணைப் பத்தால் வகுத்துப் போட்டுவிட்டு, மூலையில் இந்த எழுத்தை எரியவிடும். பாய்லர் ரூம் வெளிச்சத்தில், உமித்தூசி படிந்த திரையில், அது கண்ணுக்கே தெரியாது. எங்கள் ஃபயர்மேன் பையன் (பாய்லருக்குத் தீப்போடுகிறவன்) ஒருநாள் லாக் ஷீட்டில் 315 என்று எழுதியிருந்தான்.

“ஏன்டா தம்பி, பாய்லர் தண்ணி எப்படிடா 315 வரும்? போர்த் தண்ணியே அவ்வளவு வருமே.”

“மீட்டர்ல அதான்ணே காட்டுச்சு. நீங்களே பாருங்க. நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வால்வைத் திறக்கணும்னு விட்டுட்டேன்.”

பேனாவை வாங்கி, திரையைக் கட்டைவிரலால் துடைத்து அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். 3150. அன்றைக்குச் சாயங்காலம் பேனாவின் முதுகில் மார்க்கரால் ‘மூலையைப் பார்’ என்று எழுதி வைத்தேன். அந்த எழுத்து அழிய அழியத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். நான்கு இலக்கமும் முழுதாகக் காட்டும் மாடல்களும் இருக்கின்றன, கொஞ்சம் விலை கூட. பாய்லருக்கு வாங்குகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது சூடு. பெட்டியில் ‘டெம்பரேச்சர் காம்பன்சேஷன்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, கொதிக்கக் கொதிக்கப் பிடித்த தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். இது அளப்பது உப்பை அல்ல, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை. தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் அது 2 சதவீதம்போலக் கூடும். 50 டிகிரி வரைக்கும் பேனா தானாகச் சரிக்கட்டும், அதற்கு மேல் காட்டுவதெல்லாம் உத்தேசம்தான். அதோடு அடி பிளாஸ்டிக்கும் இளகிவிடும்.

நாங்கள் செய்வது இது. சாம்பிள் கூலர் (பாய்லர் தண்ணீரை ஆற்றி வெளியே தரும் குழாய்) வழியாக வருகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, எவர்சில்வர் டம்ளரை அதே தண்ணீரால் இரண்டு தரம் அலசிவிட்டுப் பிடிக்கிறோம். டம்ளரைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு ஆறவிட வேண்டும். பேனாவின் இரண்டு உலோக முனையும் நன்றாக முங்க வேண்டும், ஆனால் மூடிக்கோடு தாண்டி முங்கக் கூடாது. முங்கியதும் டம்ளர் ஓரத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள், முனைகளுக்கு நடுவே காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் எண் குறைத்துக் காட்டும். எண் தத்தித் தத்தி ஏறி ஓரிடத்தில் நிற்கும். அப்போது ஹோல்டு பட்டனை அமுக்கி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் படிக்கலாம். அந்த ஹோல்டு பட்டன் நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன்.

எண் துல்லியமா? இல்லை. பாய்லர் தண்ணீரில் காரம் அதிகம், பிஎச் 11-க்கு மேலேதான் இருக்கும். காரம் மின்சாரத்தை ரொம்ப நன்றாகக் கடத்தும், அதனால் உள்ளதைவிட எண் ஏறித் தெரியும். லேபில் அளக்கும்போது முதலில் காலிக் ஆசிட் போட்டுக் காரத்தை முறித்துவிட்டுத்தான் அளப்பார்கள். இன்னொரு பக்கம், இந்த வகைப் பேனாக்கள் பலவும் கடத்துதிறனைப் பாதியாக்கி பிபிஎம் என்று காட்டுகின்றன. பாய்லர் தண்ணீருக்கு அதை 0.7-ஆல் பெருக்குவதுதான் வழக்கம். ஒரு தப்பு ஏற்றிக் காட்டுகிறது, இன்னொன்று இறக்கிக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. எங்களுக்குக் கெமிக்கல் கொடுக்கிறவர் மாதாமாதம் பெரிய மீட்டரோடு வருவார். அவர் அளக்கும் அதே டம்ளரில் நானும் பேனாவை முக்கி, இரண்டு எண்ணையும் லாக் புக்கின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்வேன். அதற்கப்புறம் என் பேனாவில் எத்தனை வந்தால் வால்வைத் திறப்பது என்பது எனக்குத் தெரியும். 1413 என்று போட்ட கேலிப்ரேஷன் பவுடர் பாக்கெட்டும் தனியாகக் கிடைக்கிறது. பாதியாக்கிக் காட்டும் பேனா அதில் 706-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். வெகுவாகத் தள்ளிக் காட்டினால், திருகு உள்ள மாடலாக இருந்தால் திருகிச் சரிசெய்யலாம்.

அடுத்து, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். விற்பனைப் பக்கத்தில் ‘தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டறியும்’ என்று போட்டிருக்கிறார்கள். கண்டறியாது. பாய்லருக்குப் போகும் தண்ணீரின் கடினத்தை எடுக்க வைத்திருக்கும் சாஃப்ட்னர் என்ன செய்கிறது? தண்ணீரில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. உப்பு எங்கும் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. சாஃப்ட்னருக்கு முன்னாலும் பின்னாலும் பேனாவை முக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். சில சமயம் பின்னால் கொஞ்சம் கூடவே வரும். சாஃப்ட்னருக்குள் இந்த வேலையைச் செய்யும் ரெசின் மணிகள் சக்தி தீர்ந்து, கடினத் தண்ணீர் நேராக பாய்லருக்குள் போய்க்கொண்டிருந்தாலும் பேனா அதே எண்ணைத்தான் காட்டும்.

இந்தப் பக்கத்து மில் ஒன்றில் இதை நம்பித்தான் சாஃப்ட்னரைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். மீட்டரில் எல்லாம் நார்மல் என்று லாக் ஷீட்டில் பக்கம் பக்கமாக இருந்தது. வருஷ இன்ஸ்பெக்‌ஷனுக்கு மேன்ஹோலைத் திறந்தபோது டியூபெல்லாம் வெள்ளைவெளேரென்று படிந்திருந்ததாம். ஸ்கேல் என்கிற இந்தப் படிவு ஒரு மில்லிமீட்டர் படிந்தால் 5 முதல் 8 சதவீதம் எரிபொருள் கூடுதலாகப் போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அது செலவோடு போகிற சமாச்சாரம். டியூப் சூடேறி உப்பி வெடித்தால் அங்கே நிற்பது முதலாளி இல்லை, ஆபரேட்டர்.

ஆகவே பேனா வாங்கும் கையோடு ஹார்ட்னெஸ் டெஸ்ட் கிட் ஒன்றும் வாங்குங்கள். தண்ணீரை அளவுக்கோடு வரை பிடித்து, பஃபர் விட்டு, இண்டிகேட்டர் போட்டதும் சிவப்பானால் கடினம் இருக்கிறது, நீலமானால் இல்லை. சிவப்பாக வந்தால் கல்லுப்பைக் கரைத்து ஓட்டி சாஃப்ட்னரை ரீஜெனரேட் செய்ய, அதாவது ரெசினுக்குத் திரும்பச் சக்தி ஏற்ற வேண்டியதுதான். இதற்குக் கரண்டும் வேண்டாம், பட்டன் செல்லும் வேண்டாம்.

ரீஜெனரேஷனில் பேனாவுக்கு ஒரு நல்ல வேலை உண்டு, விற்கிறவர்கள் அதைச் சொல்வதே இல்லை. உப்புத் தண்ணீர் ஓட்டிய பிறகு அலசும்போது, எப்போது நிறுத்துவது என்று முன்பெல்லாம் நாக்கில் வைத்துப் பார்ப்போம். இப்போது வெளியே வருகிற தண்ணீரில் பேனாவை முக்கினால் போதும், எண் போர்த் தண்ணீர் அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிடலாம். இன்னொரு உபயோகம் டிரையரிலிருந்து திரும்பும் கண்டென்ஸேட். நீராவி தண்ணீரானது என்பதால் அதில் உப்பே இருக்கக் கூடாது, எண் ரொம்பக் கீழே நிற்கும். திடீரென்று ஏறினால் பாய்லர் தண்ணீர் நீராவியோடு போகிறது என்று அர்த்தம். கேஜ் கிளாஸ் ஆடுவதற்கு முன்னாலேயே பலமுறை இது காட்டிக்கொடுத்திருக்கிறது. எனக்கு இது ஒன்றுக்கே 300 ரூபாய் தகும்.

பையில் பேனா இருப்பது தெரிந்தால் ஊரில் விடமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் டீக்கடைக்காரர் ஒருவர் சம்பை ஊற்றுத் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கச் சொன்னார். ஊற்றுத் தண்ணீர் எண்ணைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு. மழைக்காலத்தில் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டு வளவில் ஓட்டிலிருந்து இறங்கிய மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்திருந்தார். முக்கினேன், இரண்டு இலக்கம்தான். “அப்ப இதையே உங்க பாய்லருக்கு ஊத்தலாமாப்பா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. எண் குறைந்தால் எல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. மழைத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும், லேசாகப் புளிப்புத்தன்மையும் உண்டு. அப்படியே விட்டால் டியூபில் குழி குழியாக அரிக்கும். பேனாவுக்கு ஆக்சிஜனும் தெரியாது, பிஎச்சும் தெரியாது. அரிப்பு அவ்வளவு லேசான விஷயமாக இருந்தால் நம் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-லிருந்து உட்கார்ந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

உழைப்பு எப்படி? விலைக்கு மோசமில்லை. எல்ஆர்44 செல் இரண்டு, வாட்ச் கடையில் கிடைக்கும். மறந்து விட்டால் தானே அணைந்துகொள்ளும். மூடிக்குள் ஈரத்தோடு போட்டு வைத்தால் முனையில் வெள்ளையாகப் பொரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றில் கொஞ்ச நேரம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் போய்விடும். துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். செல் மூடி மட்டும் மட்டமான வேலை. பிடிப்பு சீக்கிரம் உடைந்துவிட்டது, இப்போது இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் ஓடுகிறது.

மில்லுக்கு இன்னொன்று வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன், நான்கு இலக்க மாடல். சரி என்றிருக்கிறார். பழையதை ஃபயர்மேன் பையன் தனக்குத் தரச் சொல்லிக் கேட்கிறான், அவன் வீட்டில் ஆர்ஓ போட்டிருக்கிறார்களாம். அதற்குத் தாராளமாகப் போதும்.