முதல் பத்து ரிவியூ: பட்டனா, பார்சல் கார்டா, வாட்ஸ்அப்பா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் சரக்கெடுத்து அமேசானில் சுங்குடிச் சேலை விற்க ஆரம்பித்தால் முதல் மாதம் ஆர்டர் வரும், ரிவியூ வராது. பிடித்தவர் பேசாமல் உடுத்திக்கொள்வார்; சாயம் போனவர்தான் மெனக்கெட்டு எழுதுவார். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

செலவில்லாத வழி, செல்லர் சென்ட்ரலில் (அமேசானில் விற்பவர்களுக்கான தளம்) ஆர்டர் விவரப் பக்கத்தில் இருக்கும் 'ரெக்வெஸ்ட் எ ரிவியூ' பட்டன். டெலிவரியான 5-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை, ஓர் ஆர்டருக்கு ஒரே தடவை. வாசகம் அமேசானுடையது, மாற்ற முடியாது. அதனால் விதி மீறிவிடுவோமோ என்ற பயமும் இல்லை. 5-ஆம் நாளே அழுத்துவது சேலைக்கு ஒத்துவராது, மடிப்பே பிரிந்திருக்காது. ஒரு தடவை உடுத்தித் துவைக்க 15 நாளாவது விடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கென்று வாங்கியவர்களுக்கு அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு அழுத்தலாம், 30 நாள் தாண்டாமல்.

பார்சலுக்குள் வைக்கும் கார்டுக்கு அச்சுக்கூலி உண்டு. ஆனால் மோசமான ரிவியூ வருமுன்பே தடுப்பது இதுதான். முன்பக்கத்தில் துவைக்கும் முறை: "முதல் இரண்டு தடவை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசவும். ஊறவைக்க வேண்டாம். நிழலில் உலர்த்தவும்." கல்லுப்பு போடச் சொல்பவர்கள் உண்டு, ஊறவைக்காமலிருப்பதுதான் முக்கியம். அடுத்த வரி: "கையால் முடிச்சிட்டது, புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது." ஸ்கிரீன் பிரிண்ட் சேலைக்குள் இந்த வரியை வைத்தால் ஏமாற்று வேலை.

பின்பக்கத்தில் ஒரே வாக்கியம் போதும்: "சேலை எப்படி இருந்தது என்று ஆர்டர் பக்கத்தில் எழுதுங்கள்." பலர் சறுக்குவது இங்கேதான். "5 ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 50 ரூபாய்" என்பது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். "பிடித்திருந்தால் ரிவியூ போடுங்கள், பிடிக்காவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள்" என்பது பணிவாகத் தெரிந்தாலும் அதுவும் விதிமீறல்தான். குறையை மட்டும் திசைதிருப்புகிறது. மாட்டினால் ரிவியூக்களை நீக்குவார்கள், கணக்கையே முடக்கவும் செய்வார்கள்.

வாட்ஸ்அப் வேறு கணக்கு. அமேசான் ஆர்டரில் கிடைக்கும் நம்பரை ரிவியூ கேட்கப் பயன்படுத்தக் கூடாது. நேரடியாக விற்ற சேலைக்கு இதைவிட நல்ல வழியில்லை: "அக்கா, சேலை உடுத்தினீங்களா? ஒரு போட்டோ அனுப்புங்களேன்" என்றால் பதில் வரும். ஸ்டேட்டஸில் போடுமுன் அனுமதி கேளுங்கள். ஆனால் அந்தப் பாராட்டு அமேசான் பக்கத்துக்கு உதவாது.

ஆக, அமேசானுக்குக் கார்டும் பட்டனும் சேர்ந்தே போகட்டும். இதையும் மீறி "சாயம் போச்சு" என்று வந்தால் எங்கே வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். விற்பனையாளர் ஃபீட்பேக்கில் (சேலைக்கு அல்ல, விற்றவரின் சேவைக்குத் தரும் மதிப்பீடு) சேலையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். சேலைக்கான ரிவியூவில் வந்திருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்லி நீக்க முடியாது. அடுத்த லாட் எடுக்குமுன் ஒரு சேலையை வீட்டில் நனைத்துப் பார்த்துவிடுங்கள்.