விரைவு போக்கர் போட்டியில் காத்திருப்பதா, முந்துவதா?

கும்பகோணத்தில் ஒரு காப்பித்தூள் கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் கூடி ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும் டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் ஆடுகிறோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. புளியங்கொட்டைக்கு 25, சோழிக்கு 100, கேரம் காய்க்கு 500 என்று மதிப்பு வைத்து ஆளுக்கு 3,000 தரப்படும். கடைக்காரர் மனமுவந்து தரும் ஒரு கிலோ காப்பித்தூளை முதல் மூவர் 500, 300, 200 கிராம் எனப் பெற்றுக்கொள்வார்கள். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்த பிறகு, இந்த மாடிக்கு மவுசு கூடியிருக்கிறது. பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பதால், ஒவ்வொரு கையிலும் இருவர் முறைவைத்துக் கட்டும் பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயத்தைப் (சிறியது/பெரியது; பெரியதே பிக் பிளைண்ட்) பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறோம்: 25/50, 50/100, 75/150, 100/200, 150/300, 200/400, பிறகு 300/600. இந்த வேகத்தில் எந்த முறை எடுபடும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு.

முதல் கட்சி காத்திருப்பவர்களுடையது. எங்களில் மூத்தவர் ஒருவர், "ஏஸ் வரட்டும் தம்பி" என்று சொல்லிச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். இந்தப் பழக்கம் ரம்மியிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. 101 புள்ளி ரம்மியில் ஆடாமலே விலகும் முதல் டிராப்புக்கு 20 புள்ளி, இடையில் விட்டால் 40 என்று விலை நிலையாக இருப்பதால், கெட்ட சீட்டை விட்டுவிட்டு நல்ல சீட்டுக்குக் காத்திருப்பது அங்கே அறிவுடைமை. ஆனால் விரைவு போக்கரில் டிராப்பின் விலை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது. எட்டாம் கையில், அதாவது எட்டாம் முறை சீட்டுப் போடும்போது, இலவசம் போலத் தோன்றிய பொறுமை இருபதாம் கையில் கையிருப்பில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். கையால் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு ஏறக்குறைய 25 கைகள் நடக்கும். இரண்டு சீட்டுகள் சேரக்கூடிய வகைகள் மொத்தம் 1,326. அவற்றில் இரட்டை ஏஸ், இரட்டை ராஜா, இரட்டை ராணி ஒவ்வொன்றும் 6 வகை, ஏஸ்-ராஜா 16 வகை. ஆக, மூத்தவர் காத்திருக்கும் சீட்டுகள் 34 வகைதான். 39 கைக்கு ஒருமுறை வரவேண்டிய சீட்டு, 25 கைகளில் ஒருமுறைகூட வராமல் போவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடு. அந்த ஒரு மணி நேரத்தில் மேசை மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். பிளைண்டாக மட்டும் ஆயிரம் வரை கரைந்து, மீதி சுமார் 2,000 இருக்கையில் அடுத்த நிலை 300/600. அதாவது ஒரு சுற்றுக்கு 900. கையிருப்பைச் சுற்றின் செலவால் வகுத்து வரும் எண்ணைப் பால் மேக்ரியல் என்னும் ஆட்டக்காரரின் பெயரையொட்டி 'எம்' என்பார்கள். அது இப்போது இரண்டுதான். அதன் பிறகு இரட்டை ராஜாவே வந்து வென்றாலும் கிடைப்பது அற்பம். குறுவைக்கு 110 நாளில் அறுவடையாகும் ஏ.டி.டி. 43 நெல்லை விட்டு, 150 நாளைத் தாண்டும் சி.ஆர். 1009-ஐ விதைப்பவர் எங்கள் வட்டாரத்தில் யாருமில்லை. சீட்டாட்டத்தில் மட்டும் ஏனோ இருக்கிறார்கள்.

இரண்டாம் கட்சி முந்துபவர்களுடையது. கையிருப்பு பத்துப் பிக் பிளைண்டை ஒட்டி வந்துவிட்டால், முன்னால் இருப்பவர்கள் விலகியதும் மொத்தத்தையும் இறக்கிவிடுவது இவர்கள் வழி. இறக்குபவருக்கு வெல்ல இரண்டு வழிகள் உண்டு: எதிரே இருப்பவர்கள் விலகலாம், அல்லது அவருடைய சீட்டு வெல்லலாம். பின்னால் வந்து அதே தொகையைக் கட்டிக் கால் செய்பவருக்கு இரண்டாவது வழி மட்டுமே உண்டு என்பதால், இறக்கப் போதுமான சீட்டு கால் செய்யப் போதாது. புதியவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் மறக்கிறார்கள்.

ஆயினும் முதல் வழி எதிராளிகளைப் பொறுத்தது. 200/400 நிலையில் 3,200 வைத்துக்கொண்டு, பிளைண்ட் கட்டிய இருவர் மட்டுமே பின்னால் மிஞ்சும் டீலர் இடத்திலிருந்து இறக்குகிறீர்கள். பிக் பிளைண்ட் கால் செய்தால் உங்கள் சீட்டு வெல்ல 35 விழுக்காடு வாய்ப்பு என்று கொள்வோம். எல்லோரும் விலகினால் 600 லாபம். கால் வந்தால் சராசரியாக 890 நட்டம். பத்தில் மூன்று முறை கால் வந்தால் ஒவ்வோர் இறக்கமும் சராசரி 153 லாபம் தரும்; பத்தில் ஐந்து முறை வந்தால் 145 நட்டம். லாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கும் கோடு 40 விழுக்காட்டில் விழுகிறது. காசில்லாத ஆட்டத்தில் வேடிக்கை பார்க்கவே கால் செய்பவர்கள் அதிகம். ஆகவே முந்துபவர்களின் முறையை அப்படியே எங்கள் மாடிக்கு ஏற்றிக்கொண்டால் அது வழுக்கும்.

அதனால் எந்தச் சீட்டுடன் முந்துவது என்ற கேள்வி முக்கியமாகிறது. ஏஸ்-7 ஒருபுறம், ஒரே சின்னத்து 7-6 மறுபுறம். கையில் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளியிடம் இரட்டை ஏஸ் இருக்கக்கூடிய வகைகள் 6-இலிருந்து 3 ஆகவும், ஏஸ்-ராஜா 16-இலிருந்து 12 ஆகவும் சுருங்குகின்றன. எனவே கால் வருவதே குறையும். ஆனால் ஏஸ்-ராஜாவிடம் சிக்கினால் ஏஸ்-7 நான்கில் ஒருமுறைதான் பிழைக்கும். 7-6 அதே இடத்தில் நூற்றுக்கு நாற்பது முறை வெல்லும். நல்ல சீட்டு வந்தால் மட்டுமே கால் செய்யும் மேசையில் 7-6 நாம் நினைப்பதைவிட மதிப்புள்ளது. எங்கள் மேசையிலோ ராஜா-ஜாக்கியுடனும் ராணி-10 உடனும் கால் செய்கிறார்கள். அவற்றுக்கு எதிராக ஏஸ்-7 பாதிக்கு மேல் வெல்லும், 7-6 அதே நாற்பதை ஒட்டியே நிற்கும். இங்கே என் தேர்வு ஏஸ்தான்.

மூன்று பிக் பிளைண்ட் வைத்துப் பார்த்துவிட்டு, எதிர்ப்பு வந்தால் விலகும் நடுவழியும் ஒன்று உண்டு. எட்டுப் பிக் பிளைண்டில் மூன்றைக் கொடுத்துவிட்டு விலகுபவர் இரு கட்சியின் நட்டத்தையும் ஒருசேர ஏற்கிறார்.

காத்திருப்பவர்களின் பக்கம் நியாயம் தெரியும் இடம் ஒன்றே: நான்கு பேர் மிஞ்சி, மூவருக்கே காப்பித்தூள் என்னும் கட்டம். நால்வரிடமும் 6,750 வீதம் சமமாக இருந்தால், ஒவ்வொருவரின் பங்கும் 250 கிராம். ஒருவர் இறக்கியதைக் கால் செய்து வென்றால் கையிருப்பு இரட்டிப்பாகிறது. ஆனால், முதல் மூன்று இடங்களுக்கான வாய்ப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், பங்கு 500 ஆகாமல் 383 கிராமிலேயே நிற்கிறது. தோற்றால் வெறுங்கை. ஆகவே கால் செய்ய 65 விழுக்காடு வெற்றி வாய்ப்பு வேண்டும். எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சீட்டுடனும் இறக்குகிறார் என்றாலும், வெவ்வேறு சின்னத்து ஏஸ்-ராஜா அந்த அளவை மட்டுமட்டாகத்தான் தொடும். இங்கே மூத்தவர் விலகுவது சரி. ஆனால் கால் செய்பவரின் கையைக் கட்டும் இதே கணக்கு, முதலில் இறக்குபவருக்குச் சாதகம் என்பதை அவர் இன்னும் ஏற்கவில்லை.

நிலைகளைப் பதினைந்து நிமிடமாக்கினால் ஒரு மணி நேரம் கழித்துப் பிளைண்ட் 150/300-இலேயே நிற்கும். கட்டியது போக எட்டுப் பிக் பிளைண்டாவது மிஞ்சும். காத்திருப்பவரின் இரட்டை ராஜாவுக்கும் அப்போது விலை இருக்கும். மூத்தவர் அதைத்தான் கேட்கிறார். வலங்கைமான்காரர் பஸ் நேரத்தைச் சொல்லி மறுத்துக்கொண்டிருக்கிறார்.