பேரை மாற்றி மாற்றிப் பேசும் கார்: கோல்ஃப் 8-இல் கார்2எக்ஸ்

ஜெர்மனியின் ஹனோவரில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 8 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு மாதமாகிறது. மைலேஜ், டிக்கி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதிலுள்ள கார்2எக்ஸ் பற்றி மட்டும்: மற்ற வண்டிகளோடும் சாலையோரக் கருவிகளோடும் கார் நேரடியாக ரேடியோவில் பேசும் வசதி.

கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்காக ஏ2 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் சாலைப் பணி என்று திரையில் எச்சரிக்கை வந்தது. கண்ணுக்கு எதுவும் படவில்லை. சில நொடி கழித்துத்தான் லாரிகளுக்கு அப்பால் விளக்கு மினுக்கிய டிரெய்லர் தெரிந்தது. நடுவில் சர்வரோ செல்போன் டவரோ கிடையாது, 5.9 கிகாஹெர்ட்ஸ் அலையில் டிரெய்லரே நேராகச் சொன்ன சேதி அது. 800 மீட்டர் வரை எட்டுமாம்.

மனைவி உடனே கேட்டாள்: "அப்போ நாம எங்க போறோம்னு நம்ம காரும் ஊருக்கெல்லாம் சொல்லுமா?"

விற்ற டீலரிடம் கேட்டதற்கு ஒரு பிரோஷரைக் கையில் திணித்தார். சரி என்று நானே உட்கார்ந்து படித்தேன். சொல்லத்தான் செய்கிறது. இடம், வேகம், திசை, வண்டியின் நீள அகலம் எல்லாம் நொடிக்குப் பத்து முறை வரை மறைக்காமல் ஒலிபரப்பாகிறது. பூட்டி அனுப்பினால் முன்பின் தெரியாத வண்டி எப்படிப் படிக்கும்? பொய்ச் சேதி வராமலிருக்க டிஜிட்டல் கையொப்பம் உண்டு. ஆனால் போடுவது புனைபெயரில். ஐரோப்பிய விதிப்படி ஒரு புனைபெயர்ச் சான்றிதழுக்கு அதிகபட்சம் ஒரு வாரம்தான் ஆயுள். ஒரே சமயத்தில் 100 வரை கையில் வைத்திருக்கலாம். ஓடும்போதே மாற்றிக்கொள்ளும். கிளம்பிய வீடும் போய்ச்சேர்ந்த கோயிலும் ஒரே பேரில் பதிவாகக் கூடாது என்பதுதான் கணக்கு. புனைபெயர் கொடுக்கும் அமைப்புக்கு வண்டி எது என்று தெரியாது. வண்டியை அறிந்த அமைப்புக்குப் புனைபெயர் தெரியாது. இந்தப் பிரிவினை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஓட்டை இல்லாமலில்லை. நடுராத்திரி வெறிச்சோடிய சாலையில் ஒற்றை வண்டி பேரை மாற்றி என்ன பயன்? அதே தடம், அதே நீள அகலம். பல கார்களில் டயருக்குள்ளிருந்து காற்றழுத்தம் பார்க்கும் சென்சார் இன்னும் மோசம்: மாறாத எண்ணை மறைக்காமல் அனுப்புகிறது. அதை 40 மீட்டர் தள்ளியிருந்தே பிடிக்கலாம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2010-இலேயே காட்டிவிட்டார்கள்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது ரேடியோ அல்ல. இதே குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்கார்களின் தரவு இணையத்தில் திறந்து கிடந்த சேதி 2024 டிசம்பரில் வெளிவந்தது. அதில் பாதிக்கு மேற்பட்ட கார்கள் நின்ற இடம்கூடத் துல்லியமாக இருந்ததாம். பக்கத்து வண்டியிடம் பேர் சொல்லத் தயங்குகிற கார், சொந்த சர்வரிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறது.

கார்2எக்ஸுக்கு நாலரை நட்சத்திரம், தாராளமாக. ஆன்லைன் சேவைகளின் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. போன சனிக்கிழமை மால் பார்க்கிங்கில் காரைக் காணாமல் இருபது நிமிடம் சுற்றினோம். ஆப் இருந்திருந்தால் காட்டியிருக்கும் என்று மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.