சுசீந்திரம் பக்கம் மனை பார்க்கிறவர்களுக்கு: நான் 3 லட்சம் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை

மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்காக 5 சென்ட் தேடிக்கொண்டிருந்தேன். சுசீந்திரம் கோபுரம் தெரிகிற தூரத்தில், ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் வயல், நடுவில் செம்மண் அடித்து நிரவிய இடம். மஞ்சள் பெயின்ட் பூசிய கற்கள் வரிசையாக நட்டிருந்தார்கள். பார்த்ததும் பிடித்துவிட்டது. என் தப்பு அங்கேயே ஆரம்பித்தது.

புரோக்கர் செல்போனில் மேப்பைத் திறந்து காட்டினார். முகவரியில் நாகர்கோவில் என்று வந்தது. "பதிவும் நாகர்கோவில்லதான் அண்ணாச்சி. இப்போ பஞ்சாயத்து, அடுத்த வருஷம் மாநகராட்சியில சேந்துரும். ஆளூரு, தெங்கம்புதூரு எல்லாம் சேரலியா?" என்றார். ஆளூரும் தெங்கம்புதூரும் சேர்ந்தது உண்மை. அந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விற்றுவிட்டார்.

எனக்குப் பின்னால்தான் புரிந்தது. செல்போன் காட்டும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் அஞ்சல் முகவரியை ஒட்டி வருவது. தபால் போடுவதற்கு வகுத்த எல்லை அது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எந்தெந்தக் கிராமம் என்பது வேறு கணக்கு. வீட்டு வரி யாருக்குக் கட்டுகிறோம் என்பதற்கு உள்ளாட்சி எல்லை. இதெல்லாம் போக, நிலம் யாருடையது, எப்படிப்பட்டது என்று சொல்வது வருவாய்க் கிராமமும் சர்வே எண்ணும்தான். ஒரே பெயரில் வருவாய்க் கிராமமும் ஊராட்சியும் இருந்தால்கூட எல்லை ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. புரோக்கர் எனக்குக் காட்டியது எல்லாம் முதல் இரண்டு எல்லைகளை.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் கொடுத்த பழைய பிரமாணத்தின் (பத்திரத்தின்) நகலில் இருந்த சர்வே எண்ணை அரசு இணையதளத்தில் தட்டிப் பார்த்தேன். புன்செய் என்று வந்தது. பெயர் மட்டும் வேறாக இருந்தது. கேட்டதற்கு, "அது அவங்க சித்தப்பா பேரு, பட்டா இன்னும் மாத்தல" என்றார். நம்பி 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

நம்ம மாவட்டத்தில் பிறந்தவன், எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரைக்கும் இது திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண். பழைய பிரமாணங்களில் தண்டப்பேர் (அந்தக் காலத்து நிலவரிக் கணக்கு எண்), பழைய சர்வே எண் எல்லாம் இருக்கும். பிறகு ரீசர்வே, அதாவது மறு அளவை வந்து எண்கள் மாறிவிட்டன. இணையதளத்தில் இருப்பது ரீசர்வே எண். நான் தட்டியது பழைய எண். அதே எண் கொண்ட, அரை மைல் தள்ளி இருக்கிற யாரோ ஒருவருடைய விளையை (புன்செய்த் தோட்டத்தை) பார்த்து நான் திருப்திப்பட்டிருக்கிறேன்.

அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் வீட்டுக்கடனுக்குப் போனேன். வங்கியின் வக்கீல் அம்மா ரீசர்வே எண்ணைக் கண்டுபிடித்துப் பட்டாவை எடுத்தார். புன்செய் கட்டம் காலி. நன்செய் கட்டத்தில் 0 - 18.50. அதாவது 18.50 ஏர்ஸ் நஞ்சை. நகரத் திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கிற நஞ்சையை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். அது வாங்கவில்லை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கே மேடம்" என்றேன். சிரித்துவிட்டார். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அப்புறம் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20க்கு முன்னால் விற்ற மனைகளுக்குத்தான். இதுவோ போன வருஷம் போட்ட மனை.

இதோடு முடியவில்லை. எங்கள் மாமா ஒருவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலத்தின் எல்லையும் அளவும் வரைந்த அரசுப் புலப்படத்தை அச்செடுத்துக்கொண்டு அவரை இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். மஞ்சள் கற்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்பைப் பிடித்து நாலு தடவை நடந்தார். வாழை மூட்டில் மண்ணைக் குத்திக் கிளறச் சொன்னார். அரை அடி ஆழத்தில் ஒரு கருங்கல் தலை தெரிந்தது. "இதுதான் சர்வே கல்லு. மத்ததெல்லாம் பெயின்டு" என்றார்.

பிறகு மனை விற்க அவர்கள் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸைக் கேட்டார். 9 மனை, மனைக்கு 5 சென்ட், 20 அடி ரோடு. மாமா அதன் முதுகிலேயே கணக்குப் போட்டார். ஓர் ஏர்ஸ் 2.47 சென்ட். 18.50 ஏர்ஸ் என்றால் 45 சென்டும் கொஞ்சமும். 9 மனைக்கே 45 சென்ட் போய்விடுகிறது. "மிச்சம் முக்கால் சென்டுகூட இல்ல. ரோட்ட எங்கே இருந்து கொண்டு வந்தான்?" என்று கேட்டுவிட்டு, புலப்படத்தில் இரட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்தார். வாய்க்கால் புறம்போக்கு. நாங்கள் செருப்போடு நின்றுகொண்டிருந்த அந்த 20 அடி ரோடு முழுக்க, கடைவரம்பு வயல்களுக்கு, அதாவது பாசனத்தின் கடைசியில் இருக்கிற வயல்களுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால். செம்மண் அடித்து மூடியிருக்கிறார்கள். பக்கத்து வயல்காரர் ஒருவர் வரப்பில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் ரோடு போட வந்த கூட்டம் என்று நினைத்திருப்பார்.

இதையெல்லாம் பார்க்க எனக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு கொஞ்சம்தான். பட்டா, அ-பதிவேடு (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அரசுப் பதிவேடு), புலப்படம் மூன்றும் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டால் தெரியும். அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம். போடவில்லை.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 1 லட்சம் வந்தது. மூன்று மாதம் கழித்து 75,000. வாய்க்கால் பற்றித் தாலுகா அலுவலகத்தில் தனியாக மனு கொடுத்திருக்கிறேன், ரசீது வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் யாராவது இடம் பார்த்தால் தனியாகக் கேளுங்கள், ரீசர்வே எண்ணைச் சொல்கிறேன்.

மீதி 1,25,000ஐத் தை மாதம் தருவதாக புரோக்கர் சொல்லியிருக்கிறார். எந்தத் தை என்று சொல்லவில்லை.