காளானை அடையாளம் காட்டும் செயலி: 899 ரூபாய்க்கு இரண்டு நட்சத்திரம்

மூன்றரை வயதுப் பேத்தி இரண்டு கைகளிலும் ஒரு நாய்க்குடையை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கும்போது 899 ரூபாய் பெரிய தொகையாகத் தெரியாது. ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை அது. கோயம்புத்தூரில் எங்கள் குடியிருப்பின் புல்தரை முழுக்க வெள்ளைக் குடைகள் விரிந்திருந்தன. அவற்றில் சிற்றுண்டித் தட்டு அளவுக்குப் பெரியதாகப் பார்த்துப் பிடுங்கி வந்திருந்தாள். “அப்பிச்சி, உங்களுக்கு” என்று நீட்டினாள். குடையின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டைக் காணவில்லை.

கைப்பேசியில் தேடியதும் முதலில் வந்த செயலியை இறக்கினேன். ‘நச்சு விவரம்’ பார்க்க வேண்டுமானால் ஆண்டுச் சந்தா கட்டு என்றது. கட்டினேன். பெயர் வேண்டாம், பின்னர் இதே வகையில் வேறு இரண்டையும் பார்த்தேன், அங்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதல் படம் மேலிருந்து எடுத்தது. ‘உண்ணத்தக்க பெருங்குடைக் காளான், 82 விழுக்காடு’ என்றது செயலி. சன்னலோரம் வைத்து இன்னொரு படம் எடுத்தேன். இப்போது அது பச்சை வித்துக் காளான், வயிற்றைக் கெடுக்கும். மூன்றாவது படத்துக்குச் சிவப்பில் மண்டையோடு போட்டு ‘அமானிட்டா’ என்றது, அதாவது ஆளைக் கொல்லும் வகைகள் உள்ள காளான் இனம். நான்காவதுக்கு ‘வெளிச்சம் போதவில்லை’. ஐந்து நிமிடத்துக்குள், ஒரே காளான், ஒரே மேசை.

அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் பிழை திருத்தியவன் நான். செயலியின் தமிழைப் பார்த்துப் பதற்றத்துக்கு நடுவிலும் கை பரபரத்தது. ஒத்த தோற்றமுள்ள காளான்களின் பட்டியலுக்கு அவர்கள் வைத்திருக்கும் தலைப்பு ‘தோற்ற விருப்பங்கள்’. அதைக்கூட மன்னித்துவிடலாம். தொட்டால் ஏதாவது ஆகுமா, கொஞ்சம் வாயில் போட்டிருந்தால் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகள்தாம் அன்றைக்கு எனக்கு இருந்தன. இரண்டுக்கும் அந்தச் செயலியில் ஒரு வரி கிடையாது. மண்டையோட்டைத் தட்டினால் காளானின் உயரம், அகலம், வளரும் பருவம் எல்லாம் வருகிறது.

குழந்தைகள் நல மருத்துவரைக் கூப்பிட்டேன். “தொட்டாளா, தின்றாளா?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். தொட்டது மட்டும் என்றால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள், போதும் என்றார். காளானின் நஞ்சு வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். கையில் பிடித்ததால் தோல் வழியாக இறங்காது. கழுவச் சொல்வது, அந்தக் கை அடுத்த நொடி வாய்க்குப் போகும் என்பதற்காக. வாயைப் பாருங்கள், கொப்பளிக்கச் சொல்லுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காளானைக் காகிதத்தில் பொதிந்து வையுங்கள் என்றார். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணையும் சொன்னார். காசு வாங்கிய செயலியில் இந்த எண்ணைப் போட இடமில்லை போலிருக்கிறது.

என் மனைவி டார்ச் அடித்துப் பேத்தியின் வாயைப் பார்த்தாள். இட்லிதான் இருந்தது. காணாமல் போன துண்டு அரை மணி நேரம் கழித்துக் கவுன் பையிலிருந்து, ஒரு புளியங்கொட்டையோடு சேர்ந்து வந்தது. ஆனாலும் அன்று இரவு வரை கண்ணை எடுக்கவில்லை. ஏனென்றால் மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பச்சை வித்துக் காளானைத் தின்றிருந்தால் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கிவிடும். கல்லீரலைத் தின்னும் அமானிட்டா வகைகளோ ஆறு மணி நேரம், அதற்கு மேலும்கூட ஒன்றும் காட்டாமல் இருக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தினர். எல்லாம் சாப்பிட்டதால் வந்த சாவுகள். தொட்டாலே தோல் எரியும் என்று சொல்லப்படும் ஒரு செந்நிறக் காளான் ஜப்பானிலும் கொரியாவிலும் உண்டு. விரல்விரலாகப் பவளம் போல நிற்கும் அது. எங்கள் புல்தரையில் அந்தக் கவலை இல்லை. பந்துபோல உருண்டு, மிதித்தால் புகை விடும் காளானை மட்டும் பிள்ளைகள் முகத்தருகே வைத்து ஊதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தூள் நிறைய உள்ளே போனால் நுரையீரலுக்கு ஆகாது.

அது எந்தக் காளான் என்று கண்டுபிடித்தது செயலி இல்லை, ஒரு வெள்ளைக் காகிதம். தண்டை வெட்டிவிட்டு, குடையின் மடிப்புகள் கீழே படும்படி காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி வைத்தேன். விடிந்து எடுத்துப் பார்த்தால், மடிப்புகள் இருந்த இடமெல்லாம் நடுவிலிருந்து கீற்றுக் கீற்றாக வித்துத் தூள் படிந்திருந்தது. காய்ந்த பாசியின் மங்கல் பச்சை. பச்சை வித்துக் காளானேதான். இளசாக இருக்கும்போது இதன் மடிப்புகளும் வெள்ளையாகவே இருக்கும். முற்றினால்தான் பச்சை ஏறும். மேலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும் என்று செயலி விளம்பரம் செய்கிறது. மேலிருந்து பார்த்தபோதுதான் அதை உண்ணத்தக்கது என்று சொன்னது என்பதை மறக்கவில்லை நான்.

இதற்கிடையில் மேல் மாடிக்காரர் ஒருவர் வந்து, குடையில் நத்தை கடித்த தடம் இருந்தால் நல்ல காளான், மஞ்சளோடு கொதிக்கவைத்துக் கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்று பாடம் எடுத்தார். நத்தை அமானிட்டாவையும் தின்றுவிட்டுச் சுகமாக ஊரும். மஞ்சளுக்கும் அந்த நஞ்சுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. என் மனைவிக்குப் பொள்ளாச்சிப் பக்கம். சிறுவயதில் புற்றுக்காளான் பறித்து வளர்ந்தவள். தண்டு வேர்போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்குகிறதா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாளாம். எங்கள் மேசையில் இருந்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரியவில்லை” என்று வைத்துவிட்டாள். இந்தச் செயலியின் வாயிலிருந்து வராத சொல் அதுதான். ஒரு சோதனைக்காகக் காய்கறிக் கடையில் வாங்கிய மொட்டுக்காளான் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினேன். அதற்கும் மண்டையோடு, 61 விழுக்காடு. “அப்படியானால் இன்றைக்குக் குழம்பு எனக்கு மட்டும்” என்றாள் மனைவி.

நல்லது ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. எடுத்த படங்களைத் தேதியோடு அடுக்கிவைக்கிறது. பேத்திக்கு அதைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் கொள்ளை ஆசை. எழுத்து பெரிதாக இருக்கிறது, என் கண்ணுக்கு உதவி. இரண்டு நட்சத்திரமும் இதற்குத்தான். ஒன்றரையாகப் போட்டிருப்பேன், அந்த வசதி இல்லை.

மூன்றாம் நாள் செயலி பூஞ்சைக்கொல்லி மருந்து விளம்பரம் ஒன்றைக் காட்டியது. குடியிருப்புச் சங்கச் செயலாளரும் அதே யோசனையோடு வந்தார். காளானின் உடம்பு மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவிக் கிடக்கிறது, மேலே அடித்தால் நாலு நாளில் மறுபடி முளைக்கும் என்றேன். தொட்டால் ஒன்றும் செய்யாத காளானுக்காகப் பிள்ளைகள் உருளும் புல்லில் மருந்தடிப்பதா என்றும் கேட்டேன். இப்போது தோட்டக்காரர் காலையில் பிடுங்கிக் குப்பையில் போடுகிறார். மழைக்காலம் முடியும் வரை அவ்வளவுதான்.

அவர் கண்ணுக்குத் தப்பியதைப் பேத்தி கண்டுபிடித்துவிடுகிறாள். நேற்றும் ஒன்று. உள்ளே வரும்போதே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, “தொட்டேன், தின்னவில்லை” என்று சொல்லிவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனாள். சந்தாவைப் புதுப்பிக்க இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்று செயலி நினைவூட்டியது.