சிங்கப்பூர் ஃப்ளையரில் மோதிரம் நீட்டலாமா?

சிங்கப்பூர் ஃப்ளையர் என்ற ராட்சதச் சுழல் சக்கரத்தின் கூண்டுக் கதவை ஒருமுறை சாத்திவிட்டால் அரை மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள். வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போன இடத்தில், யாரும் எதிர்பாராத நேரத்தில் காதலியிடம் "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இந்தக் கதவைப் பற்றித்தான். மழை உள்ளே வராது, கூட்டம் வராது, பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அதே சமயம், கேள்வி பிடிக்காவிட்டாலும் அந்தப் பெண்ணால் எழுந்து வெளியே போக முடியாது.

அதனால் முதல் விதி: கேட்கும் நேரமும் இடமும்தான் ஆச்சரியமாக இருக்க வேண்டும், கேள்வி ஆச்சரியமாக இருக்கக் கூடாது. கல்யாணப் பேச்சு இருவருக்குள்ளும் முடிந்திருக்க வேண்டும். பெண் வீட்டாருக்கும் ஓரளவு தெரிந்திருந்தால் நல்லது. பதில் என்ன வருமோ என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் இந்தச் சக்கரம் வேண்டாம். அத்தை, மாமா, தம்பி, தங்கை எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் மூடிய பெட்டிக்குள் "கொஞ்சம் யோசிக்கணும்" என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அப்படி வாங்கிய சம்மதம் ஊர் திரும்புவதற்குள் சங்கடமாகிவிடும். பதிலில் சந்தேகம் உள்ளவர்களுக்குக் கடற்கரையோ பூங்காவோ, இருவரும் தனியாக நடந்து போகும் இடம்தான் சரி.

இனி சக்கரம். 2008-இல் திறக்கப்பட்டது, உயரம் 165 மீட்டர். சக்கரத்தின் குறுக்களவு 150 மீட்டர். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் அது நிற்கிறது. மொத்தம் 28 கூண்டுகள், ஒன்றில் 28 பேர் வரை ஏறலாம். கூண்டு என்றதும் ஊர்த் திருவிழா ராட்டினத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏறக்குறைய 4 மீட்டர் அகலமும் 7 மீட்டர் நீளமும் உள்ள, ஏசி போட்ட கண்ணாடி அறை அது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம் தாராளமாக நின்று நடக்கலாம். விநாடிக்குக் கால் மீட்டர் வேகம்தான் என்பதால் ஆட்டம் தெரியாது, தலை சுற்றாது. முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏறலாம், முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. மோதிரம் வெளியே வரும் நேரம் பார்த்துக் குழந்தை "அவசரம்" என்று அழ ஆரம்பித்தால் கதை முடிந்தது, ஏறுமுன் எல்லோரையும் அனுப்பிவிடுங்கள்.

எப்போது கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உச்சிக்குப் போனதும் கேட்க வேண்டும் என்று 15-ஆவது நிமிடத்துக்காகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்தப் பதற்றம் முகத்தில் தெரிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணிச் சுற்றில் 10-ஆவது நிமிடத்திலிருந்து 20-ஆவது நிமிடம் வரை கூண்டு 127 மீட்டருக்கு மேலேயே இருக்கும். 12 முதல் 18 வரை 150 மீட்டருக்கு மேல். ஆறு நிமிடம் முழுக்க உச்சி மாதிரிதான், அவசரமே இல்லை. எங்கள் சிபாரிசு 16-ஆவது நிமிடம். ஏறும்போது எல்லோரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு "அதோ மெரினா பே சாண்ட்ஸ்", "அதோ கப்பல்" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். உச்சி தாண்டியதும் அந்தப் பரபரப்பு அடங்கும், கண்கள் உள்ளே திரும்பும். அந்த நேரத்தில் கேட்டால் இறங்கப் பதினான்கு நிமிடம் மிஞ்சும். கட்டிப்பிடித்து அழவும், படம் எடுக்கவும், ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு வீடியோ கால் போடவும் அது போதும். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது; அங்கே ஏழரை என்றால் சென்னையில் ஐந்து மணி, யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஏறிய ஐந்தாவது நிமிடமே கேட்டுவிட்டால் மீதி இருபத்தைந்து நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாது.

அடுத்து, எந்த மணிக்கு ஏறுவது. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் சிங்கப்பூரில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுக்க அதிகம் மாறாது. நவம்பர் தொடக்கத்தில் ஆறு ஐம்பது வாக்கில், பிப்ரவரியில் ஏழு இருபது வாக்கில். நம் ஊர்க் கோடை விடுமுறையில், ஏப்ரல் மே மாதங்களில், ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்களில் மறையும். மறைந்தபின் வெளிச்சம் இருபது நிமிடம்தான் நிற்கும், பிறகு சட்டென்று இருட்டிவிடும். வானம் நீலமாகவும் கட்டட விளக்குகள் எரிந்தும் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் உச்சியில் இருக்க வேண்டும். மே மாதம் என்றால் ஏழு ஐந்துக்கு ஏறுங்கள். வேறு மாதத்தில் அன்று சூரியன் மறையும் நேரத்துக்குச் சரியாக ஏறினால் தவறாது.

ஏறும் நேரமும் டிக்கெட்டில் போட்ட நேரமும் ஒன்றல்ல. பை சோதனை, வரிசை, ஏறுமுன் கடந்து போக வேண்டிய 'டைம் கேப்ஸ்யூல்' காட்சிக்கூடம் எல்லாம் சேர்த்து, குடும்பமாகப் போனால் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

ஏழே முக்காலுக்கு கார்டன்ஸ் பை தி பே தோட்டத்தில் சூப்பர்ட்ரீ எனும் ராட்சதச் செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி தொடங்கும். ஏழரைக்கு ஏறினால் உச்சியிலிருந்து அதைப் பார்க்கலாம், ஆனால் பாட்டு கேட்காது, வானமும் கறுத்திருக்கும். படத்தில் முகமும் ஊரும் சேர்ந்து விழ வேண்டும் என்பவர்கள் முன்னதாகவே ஏறுவது மேல். இறங்கிய பிறகு எட்டே முக்கால் காட்சிக்குத் தோட்டத்துக்கே போகலாமே.

நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு என்று நம் நாள்காட்டி சொல்வது, ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் கணக்கு. சிங்கப்பூரில் சூரியன் ஏழு வாக்கில் உதித்து ஏழு வாக்கில் மறைகிறது. அங்கே ஞாயிறு ராகு காலம் ஐந்தரை முதல் ஏழு வரை வரும். சூரியன் மறைந்த பிறகு கேட்டால் பிரச்சினை இல்லை. மற்ற கிழமைகளில் இந்த நேரத்தில் ராகு காலமே கிடையாது. இதைப் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், ரகசியம் தெரிந்தவர்களில் முதல் ஆதரவாளர் அவராகத்தான் இருப்பார்.

பொது டிக்கெட்டா, தனிக் கூண்டா? பொது டிக்கெட்டில் முன்பின் தெரியாதவர்களும் உங்கள் கூண்டில் ஏறலாம். தனிக் கூண்டு எடுத்தால் செலவு கூடும், ஆனால் குடும்பத் தலைகளை எண்ணி வகுத்துப் பாருங்கள்: பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தனியாக எடுப்பதே நியாயம், நாலைந்து பேர் என்றால் யோசிக்க வேண்டியதுதான். பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: ஏறும் நேரம் உறுதியா, தனி வழி உண்டா, பூவும் கேக்கும் கொண்டுவரலாமா, இடி மின்னலால் நின்றால் வேறு நேரம் தருவார்களா. தீ சம்பந்தப்பட்ட எதையும், மெழுகுவர்த்தி உட்பட, மூடிய கண்ணாடி அறைக்குள் நினைக்கவே வேண்டாம். காகிதத் துணுக்குகளைப் பறக்கவிடும் குழாய்களும் வேண்டாம். தனிக் கூண்டு என்றாலும் முழுத் தனிமை கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக் கூண்டு பதினேழு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது, அங்கிருப்பவர்கள் பார்ப்பார்கள், பல நேரம் கைதட்டவும் செய்வார்கள்.

முன்பதிவை அவளுக்குத் தெரியாத மின்னஞ்சலில் செய்யுங்கள். குடும்பத்துக்கு எல்லா டிக்கெட்டும் ஒரே போனில் இருக்கும். உறுதிச் செய்தி அவள் கண்ணில் பட்டால் எல்லாம் வீண். தம்பியோ சித்தப்பா மகனோ செய்தால் உத்தமம். "இது ரகசியம், வாசலில் வாழ்த்துச் சொல்லாதீர்கள்" என்று ஊழியர்களுக்கும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். நல்ல எண்ணத்தில் சொல்லும் 'கங்கிராட்ஸ்' ஒன்று மொத்தத்தையும் உடைத்துவிடும்.

மோதிரத்துக்கு வருவோம். அளவை எண்ணில் கேட்காதீர்கள், நாட்டுக்கு நாடு எண் மாறும். அவள் போடும் மோதிரம் ஒன்றின் உள் குறுக்களவை மில்லிமீட்டரில் எடுங்கள். 16.5 மில்லிமீட்டர் என்றால் அமெரிக்க அளவில் 6, 17.3 என்றால் 7. எந்த விரலில் போடும் மோதிரம் என்பதையும் பாருங்கள். நடுவிரல் மோதிரத்தை அளந்துவிட்டு மோதிர விரலுக்குச் செய்வது அடிக்கடி நடக்கும் தப்பு. விமானப் பயணத்திலும் சிங்கப்பூர்ப் புழுக்கத்திலும் விரல் லேசாக வீங்கும், ஏசியில் சுருங்கும். விரல் முட்டியில் இறுக்கமாக நின்றால் அங்கேயே அழுத்தித் திணிக்க முயலாதீர்கள், கொஞ்ச நேரம் ஏசியில் நின்றபின் போடலாம்.

ஊரிலிருந்து கொண்டுபோனால் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையிலேயே வையுங்கள். விலை உயர்ந்த நகை என்றால் கிளம்பும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடலாம், திரும்பி வரும்போது "வெளிநாட்டில் வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில். பில்லின் படமும் போனில் இருக்கட்டும். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், செராங்கூன் சாலைக் கடைகளில் வாங்குவதாக இருந்தால் விலையில் 9 சதவீத ஜிஎஸ்டி சேரும். 100 சிங்கப்பூர் டாலருக்கு மேல் வாங்கும் சுற்றுலாப் பயணிகள், வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையாக இருந்தால், அதைச் சாங்கி விமான நிலையத்தில் திரும்பக் கோரலாம். அதற்குப் பாஸ்போர்ட்டைக் கடையிலேயே காட்ட வேண்டும், கிளம்பும் நாளில் நகையும் பில்லும் கையில் இருக்க வேண்டும். 22 காரட் தங்கத்தை அங்கே '916' என்று கேட்டால் உடனே புரியும்.

ஃப்ளையர் வாசலில் பை சோதனை உண்டு. அவள் பக்கத்தில் நிற்கும்போது மோதிரப் பெட்டி திறந்து காட்டப்படும் நிலை வரக் கூடாது. அதை அக்காவோ தம்பியோ தன் பையில் வைத்து, முன்னாலேயே உள்ளே போய்விடட்டும். கால்சட்டைப் பையில் சதுரப் பெட்டி துருத்திக்கொண்டு தெரியும், மெல்லிய பெட்டியோ துணிப் பையோ போதும்.

படம் எடுப்பவர் கவனிக்க: இருட்டியபின் கண்ணாடி முழுக்க உள்விளக்கின் பிரதிபலிப்புதான். ஃபிளாஷை அணையுங்கள், கறுப்புச் சட்டை போடுங்கள். சூரியன் மெரினா பேயின் பின்னால், மேற்கில் இறங்கும். அந்தப் பக்கத்தைப் பின்னணியாக வைத்து முன்னதாகவே எடுத்தால் முகம் இருட்டாகிவிடும். சூரியன் மறைந்த பத்து நிமிடத்துக்குப் பிறகு அதே பின்னணிதான் மிக அழகு. ஒருவர் வீடியோ மட்டும், ஒருவர் படம் மட்டும் என்று பிரித்துவிடுங்கள். எல்லோரும் எடுக்கப் போனால் ஒருவர் கை இன்னொருவர் படத்தில் நிற்கும். கதவின் ஓரத்தில் முழந்தாளிட வேண்டாம், மோதிரம் நழுவினால் இடுக்கில் தேட வேண்டிவரும்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. ஃபார்முலா 1 இரவுப் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஃப்ளையரைச் சுற்றியே பந்தயத் தடம், சாலைகள் மூடப்படும். தேசிய தினமான ஆகஸ்ட் 9-ஐ ஒட்டி அணிவகுப்பு ஒத்திகை நடக்கும் சனிக்கிழமைகளிலும் மெரினா பே நெரிசல்தான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை; பயணத்தின் கடைசி நாளை இதற்கு ஒதுக்காமல் இரண்டாம் நாளில் வைத்தால், மழையில் கெட்டாலும் இன்னொரு மாலை மிஞ்சும். பராமரிப்புக்காகச் சக்கரம் மூடப்படுவதும் உண்டு. 2008 டிசம்பர் 23 அன்று கட்டுப்பாட்டு அறையில் தீப்பிடித்து 173 பேர் ஆறு மணி நேரம் மேலே சிக்கினார்கள். ஒரு மாதம் மூடிவைத்துச் சரிசெய்த பிறகே மறுபடி திறந்தார்கள். உயரத்துக்குப் பயப்படும் பெண்ணாக இருந்தால் இந்த ஒரு தகவலே போதும், வேறு இடம் பாருங்கள்.

வேறு இடம் என்றால்? மவுண்ட் ஃபேபர் குன்றிலிருந்து செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் காரில் எட்டுப் பேர் ஏறலாம். ஏசி கிடையாது, பெரியவர்களுக்குப் புழுக்கம். சூப்பர்ட்ரீகளுக்கு இடையே போகும் 22 மீட்டர் உயர நடைபாதை அழகுதான், ஆனால் குறுகலானது, நின்றால் பின்னால் வருபவர்கள் நெருக்குவார்கள், மழை என்றால் மூடுவார்கள். மெரினா பராஜ் அணைக்கட்டின் புல்மாடி இலவசம், காற்று நன்றாக வரும், மறுத்துவிட்டு நடந்து போகவும் இடம் இருக்கிறது. பதிலில் சந்தேகம் உள்ளவர்களுக்கு அதையே சொல்வோம். சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தின் 40 மீட்டர் அருவி முன்னால் கேட்பது மட்டும் வேண்டாம், எப்போதும் கூட்டம்.

இறங்கிய பிறகு எல்லோருக்கும் பசிக்கும். ஃப்ளையரிலிருந்து ப்ராமனேட் மெட்ரோ நிலையத்துக்கு நடந்துபோய் டவுன்டவுன் தட ரயிலில் ஏறினால் புகிஸ், ரோச்சோர், அடுத்தது லிட்டில் இந்தியா. மாறி ஏற வேண்டாம். செராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் தோசை கிடைக்கும். சாப்பிடுமுன் பஃபலோ சாலைப் பக்கம் பூக்கடை திறந்திருந்தால், பையனின் அம்மா ஒரு முழம் மல்லிகை வாங்கி மருமகள் தலையில் வைத்துவிடலாம்.